பெரிய ஜி போட்ட டாட்-கிட்: கோப்புப் பெயரில் எழுத்து பேதம், ஒரு நிகழ்வு ஆய்வு

2014 டிசம்பர் 18 அன்று நிரல்களின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டின் திட்டம் ஒரே நாளில் ஐந்து பதிப்புகளை வெளியிட்டது: 1.8.5.6, 1.9.5, 2.0.5, 2.1.4, 2.2.1. பராமரிப்பில் இருந்த பழைய கிளைகளுக்கும் சேர்த்து ஒன்றாகத் திருத்தம் வந்தால் விஷயம் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம். பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பொதுப் பட்டியலில் இதன் எண் சிவிஇ-2014-9390. அதன் வேர் ஒரே ஓர் எழுத்தில் இருந்தது: ‘டாட்-கிட்’ என்ற ஃபோல்டர் பெயரில் சின்ன ஜிக்குப் பதில் பெரிய ஜி.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது. அதனால் இந்தக் கட்டுரையில் வேறுபாடு முக்கியமாகும் இடங்களில் ‘பெரிய ஜி’, ‘சின்ன ஜி’ என்று வாயால் சொல்வதைப் போலவே எழுதியிருக்கிறோம்.

தாக்குதல் எப்படி நடக்கும்

ஒவ்வொரு கிட் ரெப்போவுக்குள்ளும் (ஒரு திட்டத்தின் கோப்புகளும் வரலாறும் சேர்ந்த ஃபோல்டர்) டாட்-கிட் என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அமைப்புகள், வரலாறு, ஹுக் எனப்படும் தானியங்கி ஸ்கிரிப்ட்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஹுக் என்பது நேரடியாக இயங்கும் நிரல். உதாரணமாக, ‘போஸ்ட்-செக்அவுட்’ என்ற பெயரில் ஓர் இயங்கு கோப்பு ஹுக்ஸ் ஃபோல்டரில் இருந்தால், கோப்புகளை டிஸ்க்கில் விரித்து முடித்ததும் கிட் அதை இயக்கிவிடும். யாரோ ஒருவரின் ரெப்போவைக் கிளோன் செய்யும்போது, அதாவது முழுதாக நகலெடுக்கும்போது, அவருடைய ஹுக்குகள் நம் கணினிக்கு வராததற்குக் காரணம் இதுதான். டாட்-கிட்டுக்குள் இருப்பது எதுவும் கமிட்டில், அதாவது பதிந்துவைக்கும் மாற்றத் தொகுப்பில், சேராது. ஒரு கமிட்டுக்குள் டாட்-கிட் என்ற பெயரில் கோப்போ ஃபோல்டரோ வந்தால் கிட் அதை விரிக்க மறுக்கும்.

மறுப்பதற்கு முன் பெயரை ஒப்பிட வேண்டுமே. அந்த ஒப்பீடு அன்று பைட்டுக்குப் பைட் நடந்தது. சின்ன ஜி, சின்ன ஐ, சின்ன டி என்று அப்படியே இருந்தால் தடை. பெரிய ஜியோடு வந்தால் அது வேறு பெயர், போகலாம். லினக்ஸில் அது உண்மையிலேயே வேறு ஃபோல்டர்தான், ஆபத்து ஒன்றுமில்லை. விண்டோஸிலும் மேக்கிலும் நடந்தது வேறு. கிட் ‘பெரிய ஜி டாட்-கிட்டுக்குள் ஹுக்ஸ், அதற்குள் போஸ்ட்-செக்அவுட்’ என்ற கோப்பை எழுதச் சொல்லும். டிஸ்க்கோ பெரிய ஜியும் சின்ன ஜியும் ஒன்றுதான் என்று ஏற்கெனவே இருக்கும் உண்மையான டாட்-கிட்டுக்குள் அதைக் கொண்டுபோய் வைத்துவிடும். மேக்கில் இயங்கு அனுமதியும் கமிட்டிலிருந்தே வந்துவிடும். விரித்து முடித்ததும் ஹுக் ஓடும். பலியாளர் செய்ய வேண்டியது ஒரே ஒரு கிளோன். ஹுக் இல்லாமல் கான்ஃபிக் கோப்பை மட்டும் மாற்றி எழுதினாலும் போதும். எடிட்டர், பேஜர் என்று கிட் அழைக்கும் வெளி நிரல்களின் பெயர்கள் அங்கேதான் இருக்கின்றன, அடுத்த கட்டளையிலேயே அவை ஓடிவிடும்.

இதை முதலில் கண்டது கிட் போன்ற இன்னொரு கருவியான மெர்க்யூரியலின் குழு. தங்கள் டாட்-எச்ஜி ஃபோல்டரில் இதே ஓட்டையைப் பார்த்துவிட்டுத்தான் கிட்டுக்கும் சொன்னார்கள். மெர்க்யூரியல் 3.2.3-இல் அதை அடைத்தார்கள். லிப்கிட்2, ஜேகிட் போன்ற, கிட்டின் மற்ற செயலாக்கங்களும் அதே வாரத்தில் திருத்தப்பட்டன. ஒரே தவறை எல்லோரும் தனித்தனியே செய்திருந்தார்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

பெரிய ஜி ஒரு கதவு மட்டும்தான்

திருத்தம் எழுதியவர்கள் ‘எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கி ஒப்பிடு’ என்பதோடு நிறுத்தியிருந்தால் ஓட்டை பாதிதான் அடைபட்டிருக்கும். ‘இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒன்று’ என்று டிஸ்க் சொல்வதற்கு வேறு வழிகளும் இருந்தன.

அன்றைய மேக் டிஸ்க்குகள் எச்எஃப்எஸ் பிளஸ் முறையில் இருந்தன. அது பெயர்களை ஒப்பிடும்போது கண்ணுக்குத் தெரியாத சில யூனிகோடு குறிகளைக் கண்டுகொள்ளாது. அவற்றுள் ஒன்று அகலமற்ற இணைப்புநீக்கி. தமிழ் தட்டச்சு செய்பவர்களுக்கு இது பழக்கமானதுதான். க்ஷ என்று கூட்டெழுத்தாகச் சேராமல் க், ஷ இரண்டும் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்று நடுவில் இடுவார்களே, அதே குறி. அதை ஜிக்கும் ஐக்கும் நடுவில் செருகினால் கிட் பார்ப்பது வேறு பைட் வரிசை, எச்எஃப்எஸ் பிளஸ் பார்ப்பது டாட்-கிட். கிட்டின் மூலநிரலில் இப்படிப் புறக்கணிக்க வேண்டிய குறிகளின் பட்டியலே இருக்கிறது, மொத்தம் 16.

விண்டோஸில் மூன்றாவது கதவு. பழைய டாஸ் நிரல்களுக்காக, விண்டோஸின் டிஸ்க் வடிவமான என்டிஎஃப்எஸ் ஒவ்வொரு நீளப் பெயருக்கும் 8+3 எழுத்தில் ஒரு குறும்பெயர் வைக்கும். டாட்-கிட்டின் குறும்பெயர் வழக்கமாக ‘கிட், அலைக்குறி, 1’. அந்தப் பெயரில் எழுதினாலும் போய்ச் சேருவது டாட்-கிட்டுக்குள்தான். பெயரின் கடைசியில் வரும் புள்ளியையும் இடைவெளியையும் விண்டோஸ் வெட்டிவிடும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக, சிக்கலை ‘எழுத்து பேதம்’ என்று அழைத்தாலும் அதன் உண்மையான வடிவம் வேறு. பெயரைச் சோதிப்பவர் ஒரு விதியை வைத்திருக்கிறார், பெயரைத் திறப்பவர் இன்னொரு விதியை வைத்திருக்கிறார். கீழே வரும் ஒவ்வொரு சம்பவத்திலும், அன்றாட ‘என் கணினியில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை’ புகாரிலும் நடப்பது இதுவே.

விதி இயங்குதளத்திடம் இல்லை, டிஸ்க்கிடம் இருக்கிறது

‘விண்டோஸ் பேதம் பார்க்காது, மேக் பேதம் பார்க்காது, லினக்ஸ் பார்க்கும்’ என்று எல்லோரும் சொல்வார்கள். பேச்சுக்குச் சரி. இதை நம்பி நிரல் எழுதினால் தவறாகும்.

என்டிஎஃப்எஸ் டிஸ்க் ஒவ்வொன்றிலும் எந்தச் சின்ன எழுத்துக்கு எது பெரிய எழுத்து என்ற அட்டவணை டிஸ்க்கிலேயே எழுதப்பட்டிருக்கும். 65,536 பதிவுகள், பதிவுக்கு 2 பைட், மொத்தம் 128 கிலோபைட். டிஸ்க்கை ஃபார்மட் செய்யும்போது எழுதப்படுவதால், வெவ்வேறு விண்டோஸ் பதிப்புகளில் ஃபார்மட் செய்த இரு டிஸ்க்குகள் அபூர்வமான எழுத்துகளில் வேறுபடக்கூடும். அட்டவணை ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இருப்பதால் ஜெர்மன் எஸ்ட்செட் எழுத்தும் இரட்டை எஸ்ஸும் அங்கே ஒன்றாகாது. லினக்ஸின் டிஸ்க் வடிவமான எக்ஸ்ட்4-இன், பேதம் பார்க்காத கேஸ்ஃபோல்ட் வசதியில் இரண்டும் ஒன்று. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து தனியொரு ஃபோல்டருக்கு மட்டும் பேதம் பார்க்கும் கொடியை ஏற்றலாம். ஆக ஒரே டிஸ்க்கில், பக்கத்துப் பக்கத்து ஃபோல்டர்களில் இரு விதிகள் இருக்கலாம்.

மேக்கில் எச்எஃப்எஸ் பிளஸுக்குப் பதிலாக ஏபிஎஃப்எஸ் 2017-இல் ஹை சியராவோடு வந்தது. இயல்பாகப் பேதம் பார்க்காது, பெயரை நாம் கொடுத்த வடிவிலேயே வைத்துக்கொள்ளும். பேதம் பார்க்கும் வகையையும் தேர்வு செய்யலாம். ஐஃபோனில் இருப்பதோ பேதம் பார்க்கும் வகை. மேக்கிலுள்ள சிமுலேட்டரில் படம் தெரிகிறது, கைபேசியில் தெரியவில்லை என்ற புகார்களில் கணிசமானவை இங்கிருந்து வருபவை.

லினக்ஸிலும் 5.2 கெர்னலிலிருந்து எக்ஸ்ட்4 டிஸ்க்கைக் கேஸ்ஃபோல்ட் வசதியோடு ஃபார்மட் செய்து, காலி ஃபோல்டர் ஒன்றில் கொடி ஏற்றினால் அந்த ஃபோல்டர் பேதம் பார்க்காது. பென்டிரைவ்களில் வழக்கமான ஃபேட் வகை டிஸ்க்கை மவுன்ட் செய்தால் லினக்ஸிலும் அது பேதம் பார்க்காது. கண்டெய்னர் எனும் தனி லினக்ஸ் சூழலை ஓட்டும் டாக்கரை மேக்கில் வைத்து, மேக் ஃபோல்டரைக் கண்டெய்னருக்குள் நேரடியாக இணைத்தாலும் அப்படித்தான். உள்ளே ஓடுவது லினக்ஸ் என்றாலும் டிஸ்க் மேக்குடையது. ‘கண்டெய்னரில் சோதித்துவிட்டோம்’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் கோப்புகள் இமேஜுக்குள் நகலானவையா, வெளியிலிருந்து இணைத்தவையா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

கிட் இதைக் கண்டறியும் விதம் எளிமையானது. புதிய ரெப்போவை உருவாக்கும்போது டாட்-கிட்டுக்குள் ‘கான்ஃபிக்’ என்ற கோப்பை எழுதிவிட்டு, அதே பெயரைப் பெரிதும் சிறிதுமாக மாற்றி மாற்றி எழுதி அப்படி ஒரு கோப்பு இருக்கிறதா என்று டிஸ்க்கைக் கேட்கும். ‘இருக்கிறது’ என்று பதில் வந்தால் கோர்-இக்னோர்கேஸ் என்ற அமைப்பை ‘ட்ரூ’ ஆக்கும். இயங்குதளத்தின் பெயரைக் கேட்காமல் டிஸ்க்கையே கேட்பதால் இது சரியான முறை. ஒரே குறை, கேட்பது ஒருமுறைதான். ரெப்போவை அப்படியே பென்டிரைவ் வழியாக வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்தால் பழைய விடையே உள்ளே உட்கார்ந்திருக்கும். நகலெடுப்பதை விடப் புதிதாகக் கிளோன் செய்வது நல்லது.

2014 திருத்தமும் 2019-இல் வந்த விடுபடலும்

திருத்தத்தில் இரண்டு புதிய அமைப்புகள் வந்தன: புரொடெக்ட்-எச்எஃப்எஸ், புரொடெக்ட்-என்டிஎஃப்எஸ். முதலாவது, 16 குறிகளையும் தள்ளிவிட்டு, எழுத்து பேதத்தையும் தள்ளிவிட்டு, மீதி டாட்-கிட்டா என்று பார்க்கும். இரண்டாவது குறும்பெயரையும் கடைசிப் புள்ளி, இடைவெளியையும் பார்க்கும். சர்வர் பக்கத்தில் ‘ரிசீவ் எஃப்எஸ்சிகே ஆப்ஜெக்ட்ஸ்’ அமைப்பு ஏற்றியிருந்தால் இப்படிப்பட்ட கமிட்டைப் புஷ் செய்யும்போதே (சர்வருக்கு அனுப்பும்போதே) நிராகரிக்கும். ரெப்போக்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் தன்னிடமிருந்த ரெப்போக்களை எல்லாம் ஸ்கேன் செய்து, புதிதாக வருபவற்றையும் வாசலிலேயே தடுத்தது. லினக்ஸ் சர்வருக்கு நேரடி ஆபத்து இல்லை என்றாலும், விஷத்தைச் சேமித்து மற்றவர்களுக்குக் கொடுக்கும் இடம் அதுதான். எனவே தடை அங்கே இருப்பதுதான் பொருத்தம்.

ஆனால் இயல்பு நிலையில் எச்எஃப்எஸ் பாதுகாப்பு மேக்கிலும், என்டிஎஃப்எஸ் பாதுகாப்பு விண்டோஸிலும் மட்டும் ஏற்றப்பட்டிருந்தன. டிஸ்க்கின் விதியை இயங்குதளத்தின் பெயரை வைத்து ஊகித்த தவறு இது. விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓடும் டபிள்யூஎஸ்எல் வந்ததும் அது வெளிப்பட்டது. லினக்ஸ் கிட், விண்டோஸின் சி டிரைவில் வேலை செய்கிறது. தான் ஓடுவது லினக்ஸில் என்பதால் என்டிஎஃப்எஸ் சோதனைகள் எதுவும் நடக்கவில்லை. சிவிஇ-2019-1353 இதைப் பற்றியது. 2019 டிசம்பரில் வந்த 2.24.1 முதல் புரொடெக்ட்-என்டிஎஃப்எஸ் எல்லா இயங்குதளங்களிலும் இயல்பாகவே ஏற்றியிருக்கிறது. லினக்ஸ் பயனருக்கு ஒரு பெயர் வீணாக மறுக்கப்பட்டாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்தார்கள். எங்கள் கருத்தில் 2014-லேயே எடுத்திருக்க வேண்டிய முடிவு.

சிம்லிங்க் சேர்ந்தபோது

டாட்-கிட் என்ற பெயரை எந்த வேடத்தில் வந்தாலும் தடுத்தாயிற்று. அடுத்து வந்த இரு ஓட்டைகளில் அந்தப் பெயரை நேரடியாக யாரும் எழுதவில்லை.

2021 மார்ச் 9, பதிப்பு 2.30.2, சிவிஇ-2021-21300. ரெப்போவில் ‘பெரிய ஏ’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ‘போஸ்ட்-செக்அவுட்’ என்ற கோப்பு. அந்தக் கோப்பு, பெரிய கோப்புகளைத் தனியே வைத்துக் கொண்டுவரும் கிட் எல்எஃப்எஸ் போன்ற வடிகட்டி வழியாக வர வேண்டியது. வடிகட்டி தாமதிக்கும் என்பதால் அதைக் கடைசியில் எழுதலாம் என்று கிட் ஒத்திவைக்கும். அதே ரெப்போவில் ‘சின்ன ஏ’ என்று ஒரு சிம்லிங்க் (வேறோர் இடத்தைச் சுட்டும் கோப்பு), அது காட்டுவது டாட்-கிட்டுக்குள் இருக்கும் ஹுக்ஸ் ஃபோல்டரை. கிட் முதலில் பெரிய ஏ ஃபோல்டரை உருவாக்கி, ‘இது நிஜ ஃபோல்டர்தான்’ என்று நினைவில் குறித்துக்கொள்ளும். பிறகு சின்ன ஏ சிம்லிங்க்கை எழுதப் போகும். டிஸ்க்குக்கு இரண்டும் ஒரே பெயர். காலியாக இருக்கும் ஃபோல்டரை நீக்கிவிட்டு அந்த இடத்தில் சிம்லிங்க் வரும். கடைசியில் ஒத்திவைத்த கோப்பின் முறை. நினைவைப் பார்த்தால் பெரிய ஏ நிஜ ஃபோல்டர், மறுபடி சோதிக்கத் தேவையில்லை. எழுதும்போது சிம்லிங்க் வழியே ஹுக்ஸுக்குள் போய் விழும். கிளோன் முடிந்ததும் அது ஓடும். ஃபோல்டரை நீக்கும்போதெல்லாம் அந்த நினைவையும் அழித்துவிட வேண்டும் என்பதே திருத்தம்.

2024 மே 14, பதிப்பு 2.45.1, சிவிஇ-2024-32002. இம்முறை சப்மாட்யூல், அதாவது ரெப்போவுக்குள் ரெப்போ. ‘பெரிய ஏ’வுக்குக் கீழே ஒரு பாதையில் சப்மாட்யூல், ‘சின்ன ஏ’ என்ற சிம்லிங்க் டாட்-கிட்டைக் காட்டுகிறது. சப்மாட்யூல்களோடு சேர்த்துக் கிளோன் செய்தால் சப்மாட்யூலின் கோப்புகள் டாட்-கிட்டுக்குள் போய் உட்காரும், அவற்றில் இருக்கும் ஹுக் கிளோனின்போதே ஓடும். திருத்தம் 2.39.4 வரையான பழைய கிளைகளுக்கும் கொடுக்கப்பட்டது. இரண்டு ஓட்டைகளும் பேதம் பார்க்காத, அதே சமயம் சிம்லிங்க் ஏற்கும் டிஸ்க்கில்தான் வேலை செய்யும். உடனே பதிப்பு மாற்ற முடியாதவர்கள் கோர்-சிம்லிங்க்ஸை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் தற்காலிகத் தடுப்பு.

லினக்ஸும் இதற்கு விலக்கல்ல என்று காட்டிய ஒரு கிளைக்கதை உண்டு. எக்ஸ்ட்4 கேஸ்ஃபோல்டும் எச்எஃப்எஸ் பிளஸ் போலவே கண்ணுக்குத் தெரியாத குறிகளைப் புறக்கணித்துத்தான் பெயர்களை ஒப்பிட்டது. அதே ஆபத்து இங்கேயும் வரும் என்று 2024 இறுதியில் கெர்னலில் அந்தப் புறக்கணிப்பை நீக்கினார்கள். சில வாரங்களில் மாற்றத்தையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கேஸ்ஃபோல்ட் ஃபோல்டரின் அட்டவணையில், மடித்த (பேதம் நீக்கி ஒரே வடிவாக்கிய) பெயரிலிருந்து கணக்கிட்ட ஹாஷ் எண் ஏற்கெனவே டிஸ்க்கில் எழுதப்பட்டிருக்கிறது. மடிக்கும் விதி மாறினால் ஹாஷும் மாறும். அத்தகைய குறி கொண்ட பெயருள்ள பழைய கோப்புகள் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தும் தேடினால் கிடைக்காது. பெயர் விதி ஒருமுறை டிஸ்க்கில் ஏறிவிட்டால் அதைத் திருத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

வில்லன் இல்லாமலும் இது நடக்கும்

கெட்ட எண்ணம் இல்லாத உதாரணம் லினக்ஸ் கெர்னலின் மூலநிரலேதான். நெட்வொர்க் போக்குவரத்தை வடிகட்டும் நெட்ஃபில்டர் பகுதியில் பெரிய எழுத்துப் பெயர் என்றால் ‘டார்கெட்’, சின்ன எழுத்துப் பெயர் என்றால் ‘மேட்ச்’ என்பது அவர்கள் மரபு. எனவே எக்ஸ்டி-டிசிபிஎம்எஸ்எஸ் என்ற கோப்பு பெரிய எழுத்தில் ஒன்று, சின்ன எழுத்தில் ஒன்று, உள்ளடக்கம் வேறு வேறு. இப்படி ஜோடிகள் பல. சாதாரண மேக்கில் கெர்னலைக் கிளோன் செய்தால் ஜோடியில் ஒன்றுதான் டிஸ்க்கில் நிற்கும். ஒரு வரிகூடத் தொடாமலேயே கிட் ஸ்டேட்டஸ் ‘மாற்றப்பட்டது’ என்று கோப்புகளைப் பட்டியலிடும். அந்த நிலையில் ‘எல்லாவற்றையும் சேர்’ என்று கமிட் செய்தால் ஒன்றின் உள்ளடக்கம் மற்றதன் மேல் ஏறிவிடும். 2018 டிசம்பரில் வந்த கிட் 2.20 முதல், கிளோன் முடியும்போது எந்தப் பாதைகள் மோதின என்று எச்சரிக்கை வருகிறது. அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடாதீர்கள்.

மேக்கில் சரியான தீர்வு, டிஸ்க் யுடிலிட்டியில் ‘ஏபிஎஃப்எஸ், கேஸ்-சென்சிடிவ்’ வகையில் தனி வால்யூம் ஒன்றைச் சேர்ப்பது. ஏபிஎஃப்எஸ் வால்யூம்கள் ஒரே காலியிடத்தைப் பகிர்ந்துகொள்வதால் பார்ட்டிஷன் பிரிக்க வேண்டாம், அளவு குறிக்க வேண்டாம், சில நொடிகளில் முடிந்துவிடும். அதற்குள் போய்க் கிளோன் செய்யவும். முழுக் கணினியையும் அந்த வகையில் ஃபார்மட் செய்வது வேண்டாத வேலை, சில வணிக மென்பொருள்கள் அதில் நிறுவவே மறுக்கும். விண்டோஸில் காலி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, நிர்வாகி உரிமையோடு எஃப்எஸ்யுடில் கருவியின் ‘செட்-கேஸ்-சென்சிடிவ்-இன்ஃபோ’ கட்டளையால் கொடி ஏற்றலாம். ஆனால் கெர்னலுக்கு அதுவும் போதாது. கிராஃபிக்ஸ் கார்டுக்கான நூவோ டிரைவரில் ‘ஏயூஎக்ஸ்’ என்ற பெயரில் கோப்பு இருக்கிறது, டாஸ் காலத்திலிருந்து அது விண்டோஸில் தடைசெய்யப்பட்ட சாதனப் பெயர். டபிள்யூஎஸ்எல்லின் சொந்த டிஸ்க்கில், அதாவது சி டிரைவில் அல்லாமல் லினக்ஸின் ஹோம் ஃபோல்டரில் கிளோன் செய்வதே சிக்கலற்ற வழி.

பெரும்பாலோர் சந்திப்பது இதைவிடச் சின்ன விஷயம். ‘ஹெட்டர்’ என்ற கோப்பு பெரிய எச்சோடு இருக்கிறது, இம்போர்ட் வரியில் சின்ன எச். மேக்கில் ஓடும், லினக்ஸ் பில்ட் சர்வரில் ‘மாட்யூல் இல்லை’ என்று நிற்கும். கோப்பின் பெயரை ஃபைண்டரில் மாற்றிப் பார்ப்பார்கள். கிட் ஸ்டேட்டஸ் ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் இக்னோர்கேஸ் ‘ட்ரூ’வாக இருக்கிறது. புஷ் செய்தாலும் சர்வரில் பழைய பெயரே இருக்கும்.

இங்கே ஃபைண்டரையோ எக்ஸ்புளோரரையோ பார்த்துப் பயனில்லை. ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்’ கொடுத்துப் பாருங்கள், சர்வருக்குப் போகப்போவது அந்தப் பெயர்தான். மாற்றுவதற்கு ‘கிட் எம்வி’யைப் பயன்படுத்தவும். கோப்பு என்றால் இன்றைய கிட்டில் ஒரே முறையில் மாறும். ஃபோல்டர் என்றால் மேக்கில் ‘தவறான அளவுரு’ என்று பிழை வரும், காரணம் ஃபோல்டரை அதற்குள்ளேயே நகர்த்தச் சொல்வதாக அது புரிந்துகொள்கிறது. முதலில் ஒரு தற்காலிகப் பெயருக்கு மாற்றி, அங்கிருந்து வேண்டிய பெயருக்கு மாற்றி, இரண்டையும் ஒரே கமிட்டாகப் போடவும். அந்தக் கமிட்டில் வேறு மாற்றம் எதையும் கலக்க வேண்டாம், மற்றவர்கள் இழுக்கும்போது மோதல் வந்தால் பிரித்துப் பார்க்க வசதியாக இருக்கும்.

இக்னோர்கேஸைக் கையால் ‘ஃபால்ஸ்’ ஆக்கச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கும். செய்யாதீர்கள். அந்த அமைப்பு டிஸ்க்கின் குணத்தைக் குறித்துவைக்கும் இடம், டிஸ்க்கை மாற்றும் பொத்தான் அல்ல. மாற்றினால் ஒரே கோப்பு இரண்டு பெயர்களில், கிட்டின் கோப்புப் பட்டியலான இன்டெக்ஸில் ஏறி, கெர்னலின் ஜோடிச் சிக்கலை உங்கள் ரெப்போவில் நீங்களே உருவாக்கியதாகும்.

டைப்ஸ்கிரிப்ட் பயன்படுத்துபவர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. ஒரே கோப்பை இரண்டு விதமான எழுத்துகளில் இம்போர்ட் செய்தால் பிழை காட்டும் அமைப்பு 5.0 முதல் இயல்பாகவே ஏற்றியிருக்கிறது. கிளைப் பெயர்களுக்கும் இதே நோய் உண்டு. கிட் ஒவ்வொரு கிளையையும் ஒரு கோப்பாக வைப்பதால், ‘ஃபிக்ஸ்’ என்று பெரிய எஃப்பில் ஒருவரும் சின்ன எஃப்பில் இன்னொருவரும் கிளைத் தொகுதி ஆரம்பித்தால் மேக்கில் இரண்டும் கலந்துவிடும். 2.45-இல் வந்த ரெஃப்டேபிள் வடிவம் பெயர்களைத் தனிக் கோப்புகளாக வைக்காததால் அதில் இது எழாது. லினக்ஸ் சர்வரில் சாம்பா வைத்து விண்டோஸ் கணினிகளுக்கு ஃபோல்டர் பகிர்பவர்களுக்கு வேறு விலை: கேட்ட பெயர் அப்படியே இல்லாவிட்டால் வேறு எழுத்தில் இருக்கிறதா என்று சாம்பா முழு ஃபோல்டரையும் படித்துப் பார்க்கும். லட்சம் கோப்புகள் உள்ள ஃபோல்டரில் அது நன்றாகவே உறைக்கும்.

வாசலில் வைக்க வேண்டிய சோதனை

சோதனையை டிஸ்க்கில் விரித்த பிறகு செய்தால் மோதல் நடந்து முடிந்திருக்கும். பெயர்ப் பட்டியலின் மேலேயே செய்ய வேண்டும், அதுவும் மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் லினக்ஸ் சிஐ சர்வரிலோ, புஷ்ஷை ஏற்கும் இடத்திலோ. பைத்தானில் முப்பது வரிக்குள் அடங்கும். ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்’ கட்டளையை ‘ஸெட்’ விருப்பத்தோடு கொடுத்துப் பெயர்களை வாங்கவும். அந்த விருப்பம் இல்லாவிட்டால் ஆங்கிலம் அல்லாத பெயர்களைக் கிட் எண்ம வடிவில் தரும், ‘க’ என்ற ஓர் எழுத்து \340\256\225 என்று வந்து நிற்கும். ஒவ்வொரு பாதையையும் சாய்கோட்டில் பிரித்து, வேரிலிருந்து ஒவ்வொரு முன்பகுதியையும் தனித்தனியே எடுக்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘பெரிய டி டாக்ஸ்’ ஃபோல்டரில் ஒரு கோப்பும் ‘சின்ன டி டாக்ஸ்’ ஃபோல்டரில் வேறொரு கோப்பும் இருந்தால், முழுப் பாதைகளை மட்டும் ஒப்பிட்டால் மோதல் தெரியாது. மேக்கில் இரண்டு ஃபோல்டர்களும் ஒன்றாகிவிடும்.

முன்பகுதி ஒவ்வொன்றையும் யூனிகோடு என்எஃப்சி (பிரிந்த குறிகளைச் சேர்த்த) வடிவுக்குக் கொண்டுவந்து, ‘கேஸ்ஃபோல்ட்’ செய்து, மறுபடி என்எஃப்சி ஆக்கி, ஓர் அகராதியில் சாவியாகப் போடவும். ஒரே சாவிக்குக் கீழ் இரண்டு அசல் பெயர்கள் வந்தால் பில்டை நிறுத்தவும். ஷெல்லில் ‘டிஆர்’ கட்டளையால் சின்ன எழுத்தாக்குவது ஆங்கில எழுத்துக்கு மட்டும்தான் உதவும். ஜாவா போன்றவற்றில் மொழியமைப்பைச் சார்ந்த சின்ன எழுத்தாக்கத்தைப் பயன்படுத்தினால் துருக்கி அமைப்பில் பெரிய ஐ, புள்ளியில்லாத ஐயாக மாறும். அப்போது பெரிய எழுத்தில் எழுதிய ‘கிட்’, சின்ன எழுத்துக் கிட்டோடு பொருந்தாமல் போகும். மொழி சாராத வேர் அமைப்பைக் கொடுக்க வேண்டும்.

அதே நிரலிலேயே விண்டோஸின் தடைப் பெயர்களையும் பார்த்துவிடலாம்: கான், பிஆர்என், ஏயூஎக்ஸ், என்யூஎல், காம்1 முதல் காம்9, எல்பிடி1 முதல் எல்பிடி9. நீட்டிப்பு சேர்ந்திருந்தாலும் தடைதான். கடைசியில் புள்ளியோ இடைவெளியோ உள்ள பெயர்களையும் நிறுத்தவும்.

புதிய திட்டம் என்றால் ‘சின்ன ஆங்கில எழுத்து, இலக்கம், இடைக்கோடு, புள்ளி மட்டும்’ என்று விதி வைப்பது எளிது. ரீட்மீ, மேக்ஃபைல், டாக்கர்ஃபைல் போன்ற மரபுப் பெயர்களுக்கு ஒரு விலக்குப் பட்டியல் போதும். பெரிய எழுத்தைத் தவிர்க்கவே முடியாத இடத்தில் கோ மொழி செய்தது நல்ல முன்மாதிரி. அதன் மாட்யூல் சேமிப்பகத்தில் பாதையில் வரும் ஒவ்வொரு பெரிய எழுத்தும் ஆச்சரியக்குறியும் அதன் சின்ன எழுத்துமாக எழுதப்படும். எந்த டிஸ்க்கிலும் மோதாது, அசல் பெயரையும் இழக்காது.

தமிழ்ப் பெயர்கள்

தமிழில் பெரிய எழுத்து இல்லை, எனவே தமிழில் பெயர் வைத்தால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். ‘கோ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறி (பதின்ம எண் 3019) சேர்ந்தால் 6 பைட். ககரம், இரட்டைக் கொம்பு (3015), கால் (3006) என்று மூன்றாகப் பிரித்தால் 9 பைட். திரையில் இரண்டும் ஒரே ‘கோ’. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் தனி ஔவுக்கும் இது பொருந்தும். கொம்பு போட்டு, எழுத்து போட்டு, கால் போடும் பழக்கமுள்ளவர் தட்டினால் பிரிந்த வடிவம் வந்துவிட வாய்ப்புண்டு.

எச்எஃப்எஸ் பிளஸ் எல்லாவற்றையும் பிரித்தே சேமிக்கும். ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடி வைத்துக்கொண்டு இரண்டையும் ஒன்றாகவே கருதும். என்டிஎஃப்எஸ்ஸுக்கும் சாதாரண எக்ஸ்ட்4-க்கும் இவை இரண்டு வேறு கோப்புகள். ‘கோவில்’ என்ற பெயரில் ஒரே ஃபோல்டரில் இரண்டு கோப்புகள் நிற்கும், எது எது என்று கண்ணால் சொல்லவே முடியாது. மேக்கில் கிட்டின் ‘பிரிகம்போஸ் யூனிகோட்’ அமைப்பு ஏற்றியிருந்தால் பிரிந்த பெயர்களைச் சேர்த்து இன்டெக்ஸில் போடும். மேலே சொன்ன சோதனையில் என்எஃப்சி படி இருப்பதால் மற்ற இடங்களிலும் இது பிடிபடும்.

பிடிபடாதது ஒன்று உண்டு. ‘ஔ’ எழுத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தட்டி ‘ஒள’ என்று எழுதுவது. யூனிகோடுக்கு இவை தொடர்பே இல்லாத இரண்டு சரங்கள், என்எஃப்சி இவற்றைச் சேர்க்காது, கேஸ்ஃபோல்டும் தொடாது. ‘ஔவையார்’ கோப்பைத் தேடிக் கிடைக்காவிட்டால், பட்டியலில் ‘ஒள’ என்று தொடங்கும் பெயர்களையும் ஒருமுறை கையால் தேடிப் பார்த்துக் ‘கிட் எம்வி’யால் மாற்ற வேண்டியதுதான்.